அண்ணன் மேல்தான் தப்பு

வா ரோஸ்லின், உள்ளே வா. செருப்பை அங்கேயே விடு, யாரும் எடுக்க மாட்டார்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இப்படிக் கட்டிலில் உட்கார், பையை நகர்த்திக்கொள். குழந்தையைப் பார்க்கத்தானே வந்தாய்? பார்க்கலாம், கொஞ்சம் பொறு. தூங்குகிறான். பின்கட்டு அறையில் அண்ணனிடம் இருக்கிறான். பகலில் அண்ணன் மடியில் போட்டால்தான் தூங்குவான், என்னிடம்கூட அப்படித் தூங்குவதில்லை.

மெதுவாகப் பேசு. நடுவில் ஒரே ஒரு சுவர்தான்.

நீ நல்ல நாளாகப் பார்த்து வந்திருக்கிறாய். இன்றைக்குக் கிளம்புகிறேன். அவரும் அத்தையும் ராஜபாளையத்திலிருந்து காரில் வந்துகொண்டிருக்கிறார்கள், கிருஷ்ணன்கோவில் தாண்டிவிட்டார்களாம். நாலரைக்கு ராகுகாலம் பிறக்கிறது, அதற்குள் நான் குழந்தையோடு வாசல் தாண்டிவிட வேண்டும். தலைப்பிரசவத்துக்கு வந்தவள், ரோஸ்லின். மூன்றாம் மாதம் அழைத்துப்போவதாகப் பேச்சு. இன்றைக்கு ஏழு மாதமும் நான்கு நாளும். ஏன் வரவில்லை என்று உன் காதுக்கு வந்திருக்கும். அருப்புக்கோட்டையில் எது வராது? ஆனால் பாதிதான் வந்திருக்கும். பாதியைக் கேட்டுவிட்டு என் குழந்தையை யாரும் ஒரு மாதிரி பார்க்கக்கூடாது, அதனால்தான் சொல்கிறேன்.

சிஸ்டர் கிளமென்ஷியா வருடம் தவறாமல் கேட்பார்களே ஒரு கேள்வி, நினைவிருக்கிறதா? ‘வீழ்ந்த வீரன் வீழ்ந்தது விதியாலா, தன் குணத்தாலா? ஒன்றரைப் பக்கத்துக்கு மிகாமல் எழுதுக.’ நான் இரண்டு வருடமும் விதி என்றுதான் எழுதினேன். இரண்டு வருடமும் பத்துக்கு மூன்று. ஓரத்தில் சிவப்பு மையில், ‘அப்படியானால் மனிதன் எதற்கு?’ என்று எழுதியிருந்தார்கள். நீ குணம் என்று எழுதி ஒன்பது வாங்கினாய். எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது. இப்போது அந்தப் பேப்பரைக் கொடுத்தால் பத்துக்குப் பத்து வாங்குவேன்.

ஆண்டுவிழா நாடகத்தில்கூட நீதான் ராஜா. மகனுக்குத் தண்ணீரில் கண்டம் என்று சொன்னார்கள் என்பதற்காக ஊர்க் கிணற்றையெல்லாம் மூடச் சொல்கிற ராஜா. கடைசியில் அரண்மனை தீப்பிடிக்கிறது, அணைக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. உன் மீசை பாதி விழுந்து தொங்கியது, நீ அதையும் பிடித்துக்கொண்டு அழுதாய். எனக்கு ஒரே ஒரு வசனம். ‘அரண்மனை எரிகிறது, அரசே!’ ஓடி வர வேண்டும், சொல்ல வேண்டும், போக வேண்டும். முடிந்தது. நான் எப்போதும் அப்படித்தான். எதிலும் பெரிய வேஷம் எனக்குக் கிடைத்ததில்லை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

குழந்தை பிறந்தபோது கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. இரண்டு சுற்று. டாக்டரம்மா, “இதெல்லாம் அடிக்கடி நடக்கிறதும்மா, பிள்ளை நல்லா இருக்கான்” என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டார்கள். அவர்களுக்கு அவ்வளவுதான். அத்தை நர்ஸைப் பிடித்துக்கொண்டார்கள். “மாலை மாதிரி கழுத்துல சுத்தியிருந்துச்சா, இல்ல தோள்ல குறுக்கால கிடந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லும்மா.” அந்தப் பெண் பாவம், “மாலை மாதிரிதான்” என்று கையால் சுற்றிக் காட்டியே விட்டாள். அத்தை திரும்பி என்னைப் பார்த்தார்கள். அப்படிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பது உன் வீட்டிலும் சொல்வார்கள்தானே? நீங்கள் சர்ச்சுக்குப் போனாலும் உன் அம்மா இதையெல்லாம் விட்டதில்லையே. மாமன் முதலில் குழந்தையை நேராகப் பார்க்கக்கூடாது. கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, அதில் விழுகிற குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் நேரில் பார்க்கலாம். அப்படிப் பார்த்தால் தோஷம் எண்ணெயோடு போய்விடும்.

எனக்கு ஒரே ஒரு அண்ணன்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வராந்தாவில் வந்து நிற்கிறான். நர்ஸ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறாள், “மாமாவா? பாருங்க” என்கிறாள். அம்மா ஓடிப்போய்த் தன் முந்தானையால் அண்ணன் முகத்தை மூடினாள். ஆறடி ஆள், கெமிஸ்ட்ரி வாத்தியார், விழிப்பு மன்றத்துத் தலைவர், அம்மாவின் சேலைக்குள் நின்றுகொண்டு, “ஏம்மா, ஏம்மா, மூச்சு முட்டுதும்மா” என்கிறான். சிரிக்காதே. எனக்கும் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது தையல் வலியோடு எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணனை உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையானால் ஏதாவது ஒரு கிராமத்தில் நாக்கில் கற்பூரம் கொளுத்திக் காட்டுவான். வெறுங்கையில் திருநீறு வரவைப்பான், அப்புறம் அது எங்கே ஒளிந்திருந்தது என்று காட்டிக்கொடுப்பான். பேர் தட்சிணாமூர்த்தி. “இவ்வளவு பேசுறீங்களே சார், முதல்ல இந்தச் சாமி பேரை மாத்துங்க” என்று யாரோ கூட்டத்தில் கேட்டதற்கு, “மாத்தலாம், அதுக்கு ரேஷன் கார்டுல இருந்து டிகிரி வரைக்கும் அலையணும். அதுக்குச் சாமியே பரவாயில்ல” என்றானாம். அவ்வளவு பேரும் சிரித்தார்களாம். அப்படி ஓர் ஆள்.

இந்தக் கொடி விஷயத்தை அவன் ஏற்கெனவே கையில் எடுத்திருந்தான். என் கல்யாணத்துக்கு முந்தின வருடம், பக்கத்து ஊரில் இப்படிப் பிறந்த ஒரு பெண் குழந்தையை மாமன் வீட்டு ஆட்கள் ஏதோ ஆசிரமத்தில் விட்டுவிடச் சொல்லியிருக்கிறார்கள். இவன் போய்ச் சண்டை போட்டு, அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணிநேரம் பேசி, ஊர் ஊராகப் போய் முப்பத்தாறு தாய்மாமன்களிடம் கையெழுத்து வாங்கினான். ‘எங்கள் மருமக்களின் முகத்தை எந்தக் கிண்ணத்திலும் பார்க்க மாட்டோம், நேருக்கு நேர் பார்ப்போம்.’ இவனோடு சேர்த்து முப்பத்தேழு. முதல் கையெழுத்து இவனுடையது. கவனி ரோஸ்லின். அப்போது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. இவனுக்கு மருமகனே கிடையாது. மருமகன் இல்லாதவன் முதல் கையெழுத்துப் போடலாமா? அங்கேதான் ஆரம்பம். சிஸ்டர் சொல்வார்களே, வீரனுடைய குறை முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும் என்று.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தோம். அண்ணன் இந்த அறைக் கதவுக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம்.

“பார்த்தா நேராப் பார்ப்பேன். இல்லேன்னா பார்க்கவே மாட்டேன்” என்றான்.

“அண்ணே, ஒரே ஒரு தடவை. எண்ணெயில பார்த்துட்டு அப்புறம் நேர்ல ஆயிரம் தடவை பாரு. உனக்கு என்ன குறைஞ்சிரும்?”

“எனக்கு ஒண்ணும் குறையாது சியாமா. இவன் பிறந்ததே குத்தம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். நாளைக்கு இவன் பெரியவனாகி, ‘மாமா, நீங்களும் என்னைப் பார்த்துப் பயந்தீங்களா’ன்னு கேட்டா நான் என்ன சொல்ல?”

“நீ செத்துப்போவியேண்ணே!”

“எல்லாரும்தான் சாவோம். அதுக்கு இந்தப் பயல் என்ன பண்ணுவான்?”

இப்படியே எட்டு நாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொள்வான். உள்ளே குழந்தை அழுதால் வெளியிலிருந்து, “ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம், பெரிலியம்” என்று ராகம் போட்டுச் சொல்வான். குழந்தை அழுகையை நிறுத்திக் கேட்கும். இப்போதும் அதுதான் தாலாட்டு. கால்சியம் வருவதற்குள் தூங்கிவிடுவான்.

எனக்கு நடுக்கம், ரோஸ்லின். உனக்குக் கல்யாணம் ஆகவில்லை, குழந்தை பெறவில்லை, சொன்னால் தெரியாது. கதவு கொஞ்சம் அசைந்தால் அண்ணன் உள்ளே வந்துவிடுவானோ, பார்த்துவிடுவானோ என்று குழந்தையை மார்போடு மூடிக்கொள்வேன். குழந்தையிடமிருந்து அண்ணனைக் காப்பாற்றுகிறேனா, அண்ணனிடமிருந்து குழந்தையையா என்று எனக்கே தெரியாது. எட்டாம் நாள் பால் நின்றுவிட்டது. சுத்தமாக. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, “இந்தப் பொண்ணு எதையோ நினைச்சுப் பயந்துக்கிட்டே இருக்கு. பயம் போனா பால் வரும்” என்று அம்மாவிடம் சொன்னார்கள். அண்ணன் வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை எட்டு மணி இருக்கும். கதவுக்கு வெளியே அவன் குரல். “எண்ணெயக் கொண்டா.”

நான் நம்பவில்லை.

“கொண்டா சியாமா, ஸ்கூலுக்கு நேரமாச்சு. ஆனா ஒண்ணு, இது நம்ம நாலு பேரைத் தாண்டக்கூடாது. அந்த முப்பத்தாறு பேரும் என்னை நம்பி அவங்கவங்க வீட்ல சண்டை போட்டுட்டு நிக்கிறாங்க.”

“சத்தியமாச் சொல்ல மாட்டேன் அண்ணே.”

“சத்தியமெல்லாம் வேண்டாம். சொல்லாம இரு, போதும்.”

பூஜை அறையில் இருந்த வெண்கலக் கிண்ணத்தை ஸ்டூலில் வைத்து அம்மா எண்ணெய் ஊற்றினாள். குழந்தையைத் தூக்கிக் கிண்ணத்துக்கு மேலே காட்டினாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி உள்ளே வந்தான். குனிந்தான். அப்புறம்தான் கண்ணைத் திறந்தான். ரொம்ப நேரம் பார்த்தான், ரோஸ்லின். எண்ணெயில் குழந்தை கொட்டாவி விட்டது. “அடேய், அப்பாவோட மூக்குடா உனக்கு” என்று சிரித்தான். எங்கள் அப்பா போன பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அன்று சாயங்காலமே பால் வந்துவிட்டது. அப்படியானால் செய்தது நல்லதுதானே?

அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது.

அத்தை முதல் நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்கள். “உங்க அண்ணன் பார்த்தாரா? அவர் எங்க பார்க்கப்போறாரு, ஊருக்கே உபதேசம் பண்றவரு. நீங்க பார்த்துட்டார்னு வாயால சொன்னா நான் எப்படி நம்புறது?” என்று. பார்க்காவிட்டால் குழந்தையை அந்த வீட்டுக்குள் விட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நான் என்ன செய்ய? ஒரே ஒரு போட்டோ எடுத்தேன். அண்ணன் கிண்ணத்தின் மேல் குனிந்து சிரிக்கிறபோது. போனில் சத்தம் வராதபடி முதலிலேயே மாற்றி வைத்திருந்தேன், குழந்தை திடுக்கிடக்கூடாதே என்று. நல்ல படம். ஜன்னல் வெளிச்சம் எண்ணெயில் பட்டு, இரண்டு முகமும் தெளிவாக வந்திருந்தது. அத்தைக்கு அனுப்பினேன். அத்தைக்கு மட்டும். கீழே ‘மாமன் எண்ணெயில் முகம் பார்த்துவிட்டார்’ என்று எழுதி, தேதி, கிழமை, மணி எல்லாம் போட்டேன். தேதி இல்லாத கடிதம் கடிதமே இல்லை என்று சிஸ்டர் நமக்குப் பழக்கிய பழக்கம், போகவே மாட்டேன் என்கிறது.

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? அண்ணனுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறவில்லை. சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லவில்லை. இன்றுவரை ஒருத்தரிடமும் வாயைத் திறக்கவில்லை. உன்னிடம்தான் முதல்முதலாகச் சொல்கிறேன்.

அத்தை சந்தோஷத்தில் அதைக் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டார்கள். சந்தோஷத்தில்தான். அதில் எண்பத்து நாலு பேர். அந்த எண்பத்து நாலு பேரில் ஒருத்தர், ஒரு கூட்டத்தில் அண்ணனிடம் வாய் கொடுத்து மூக்குடைபட்ட ஜோசியருக்கு மச்சினர். இது யாருக்குத் தெரியும்? நீயே சொல், இதற்குப் பேர் என்ன? நான் விதி என்றுதான் எழுதியிருப்பேன், அந்தக் காலத்தில்.

இரண்டு வாரத்தில் ஊரெல்லாம் போய்விட்டது. அண்ணன் படத்துக்கு மேலே கிரீடம் வரைந்து, ‘எண்ணெய்ச் சித்தர்’ என்று போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் மேஜைமேல் யாரோ கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறார்கள். அவன் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, உப்பும் அமிலமும் பாடம் நடத்திவிட்டு வந்தான். வீட்டில் எதுவும் சொல்லவில்லை. சட்டையில் கறை இருந்தது, அம்மா கேட்டுத்தான் தெரிந்தது.

அப்புறம் கண்ணாயிரம் வந்தார். கையெழுத்துப் போட்ட முப்பத்தாறு பேரில் ஒருத்தர், லாரி ஓட்டுகிறவர். வாசலிலேயே நின்றார். நான் இந்த ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சார், இது நீங்களா?” போனைக் காட்டினார்.

“நான்தான், கண்ணாயிரம்.”

“பொய்ப் படம்னு சொல்லுங்க சார். நான் போயிடுறேன்.”

அண்ணன் போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

“என் தங்கச்சி வீட்டுக் கதவு எனக்கு ஒன்றரை வருஷமா அடைச்சுக் கிடக்கு சார். கிண்ணத்துல பாருண்ணேன்னு கால்ல விழுந்து அழுதா. மாட்டேன்னு வந்துட்டேன். நீங்க சொன்னீங்களேன்னு. அந்தப் பிள்ளைய நான் இன்னும் கண்ணால பார்க்கல. நீங்க உங்க வீட்டுக்குள்ள அழகா ஸ்டூல் போட்டு…” போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“நீங்க செஞ்சது சரி கண்ணாயிரம்” என்றான் அண்ணன்.

“அப்ப நீங்க செஞ்சது?”

“தப்பு.”

அந்த ஆள் வண்டிவரைக்கும் போய்த் திரும்பி, “தங்கச்சி அழுதுச்சா சார்?” என்று கேட்டார். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த ஆளுக்கு என்ன தெரியும் என்று அப்படிக் கேட்டாரோ.

மன்றத்தில் கூட்டம் போட்டார்கள். முந்தின நாள் செயலாளர் வந்து இதோ இந்தக் கூடத்தில் உட்கார்ந்து கெஞ்சினார். “சார், இந்தக் காலத்துல கம்ப்யூட்டர்ல எந்தப் படத்தையும் பண்ணலாம். பண்ணிட்டாங்கன்னு ஒரு வார்த்தை. அதுகூட வேண்டாம், தங்கச்சி உங்களுக்குத் தெரியாம ஏதோ பண்ணிட்டாங்கன்னு சொல்லுங்க. பச்சை உடம்புக்காரி, யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க.” அதற்கு அண்ணன், “பன்னிரண்டு வருஷமா அடுத்தவன் பொய்யைப் பிடிச்சுக் குடுத்துட்டு நான் எப்படிங்க? அவளை இதுல இழுக்காதீங்க” என்றான்.

என்னை இழுக்க என்ன இருக்கிறது, சொல்? ஆனாலும் இழுக்கவில்லை. அது அவன் குணம்.

கூட்டத்தில், “பார்த்தீர்களா?” என்று கேட்டிருக்கிறார்கள். “பார்த்தேன்.” “ஏன்?” அதற்கு வாயைத் திறக்கவில்லையாம். எவ்வளவு நேரம் கேட்டும் திறக்கவில்லையாம். அவன் பேரை எடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகள் போயின. பெட்டி நிறைய இருந்த கற்பூரம், ரசாயனம் எல்லாம் பள்ளிக்கூட லேபுக்குக் கொடுத்துவிட்டான். இப்போது பள்ளிக்கூடம், பள்ளிக்கூடம் விட்டால் குழந்தை. குளிப்பாட்டுகிறபோது தண்ணீர் சூட்டை முழங்கையில் பார்க்கிறான். நகம் வெட்டுகிறான். எனக்கு இன்றுவரை அந்த நகம் வெட்டப் பயம்.

இதில் குறை யாருடையது என்று யோசித்துப் பார். ஒரு பொய் சொல்லியிருந்தால் தப்பியிருப்பான். ஒன்றே ஒன்று. நாம் தினமும் எத்தனை சொல்கிறோம்? சொல்ல மாட்டேன் என்பது ஆணவம். சிஸ்டர் இருந்தால் அடிக்கோடு போட்டிருப்பார்கள்.

ஆனால் அத்தை அப்படிப் பார்க்கவில்லை. போனில், “பார்த்தியா? எண்ணெயில பார்த்ததால உயிருக்கு வரவேண்டியது மானத்தோட போச்சு. மாமனை முடிச்சாச்சு. அடுத்தது அப்பன்தான்” என்றார்கள். அவர் மூன்றாம் மாதம் வரவில்லை. நான்காம் மாதம் வேலை அதிகம் என்றார். தினம் பேசியவர் வாரத்துக்கு ஒருமுறை பேசினார், குழந்தை எப்படி இருக்கிறான் என்று கேட்பார், போனைக் குழந்தையிடம் கொடுக்கட்டுமா என்றால் உடனே வைத்துவிடுவார். ஆறாம் மாதம் அத்தை சொன்னார்கள். “நீ வா. உன்னை யாரும் வேண்டாம்னு சொல்லல. பிள்ளை அங்கேயே உங்க அம்மாகிட்ட வளரட்டும். நீ மட்டும் வா.”

நீ மட்டும் வா.

அதைக் கேட்டபோது குழந்தை என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான், ரோஸ்லின், சிஸ்டரின் கேள்வி ஞாபகம் வந்தது. விதியாலா, குணத்தாலா? விதி என்றால் என் குழந்தை. குணம் என்றால் அண்ணன். இரண்டில் ஒன்றைத்தான் எழுத முடியும். மூன்றாவது விடை கேள்வியிலேயே இல்லை. நான் பெற்றவள். நீ என் இடத்தில் இருந்தால் எதை எழுதியிருப்பாய்?

அண்ணனிடம் போனேன். பேப்பர் திருத்திக்கொண்டிருந்தான்.

“அண்ணே, நீ ராஜபாளையம் வந்து ஒரு வார்த்தை சொல்லணும்.”

“என்னன்னு?”

“நடந்ததெல்லாம் உன் தப்புதான்னு. குழந்தைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு. உனக்குத்தான் விதியில நம்பிக்கை இல்லையே.”

சிவப்புப் பேனாவை மூடினான். என்னை ரொம்ப நேரம் பார்த்தான். கோபமாக எல்லாம் இல்லை. பிளஸ் டூ பையன் எவனாவது தப்பாகச் சொல்லிவிட்டு, சரியாகச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு நின்றால் பார்ப்பானே, அந்த மாதிரி.

“ரெண்டாவது பாதி உண்மை” என்றான்.

நான் மேஜையில் கிடந்த பேப்பர்களை அடுக்கினேன்.

“சரி, முதல் பாதியையும் சொல்றேன். எப்பப் போகணும்?”

அவ்வளவுதான். ஒத்துக்கொண்டுவிட்டான். நான் பயந்த மாதிரி எல்லாம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனோம். குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு நானும் அவனும் மட்டும். அங்கே மாமா, அத்தை, பெரியமாமா, அவர் பிள்ளைகள், பங்காளிகள் என்று பதினாலு பேர் சோபாவிலும் நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஜன்னல் பக்கம் நின்றார். அண்ணனை உட்காரச் சொன்னார்கள். அவன் நின்றுகொண்டே பேசினான், கூட்டத்தில் பேசுவது மாதிரி, ஆனால் கையை ஆட்டவில்லை.

“நான் ஊருக்கு ஒண்ணு சொன்னேன். வீட்ல வேற ஒண்ணு செஞ்சேன். அது வெளியே தெரிஞ்சு என் பேர் போச்சு. இதுல கொடியும் இல்ல, நட்சத்திரமும் இல்ல. ஏழு மாசப் பிள்ளைக்கு இதுல ஒரு வேலையும் இல்ல. தப்பு முழுக்க என்னோடது.”

பெரியமாமா வெற்றிலையை மென்றுகொண்டே, “வெளியே எப்படித் தம்பி தெரிஞ்சுது?” என்று கேட்டார்.

அந்த அறையில் இருந்த பாதிப் பேர் அந்தப் படத்தை நாலு பேருக்கு அனுப்பியவர்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அத்தை சேலை மடிப்பைச் சரி பண்ணினார்கள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மூன்று இறக்கையில் ஒன்றில் மட்டும் தூசி துடைக்காமல் இருந்தது.

“செஞ்சா தெரியத்தானே செய்யும்” என்றான் அண்ணன்.

பார், என்ன அழகாகப் பேசினான். அத்தைக்கு முகம் தெளிந்துவிட்டது. “அப்ப பிள்ளை மேல தோஷம் இல்ல. அவரே சொல்லிட்டாரு, படிச்சவரு” என்றார்கள். அவர் ஜன்னலை விட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏழு மாதத்தில் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகிறோம், காதுகுத்துக்கு நாள் பார்த்துவிடலாம் என்று அங்கேயே பேசி முடித்தார்கள்.

காதுகுத்து என்றதும் நான், “அண்ணன் மடியில உட்கார வச்சு…” என்று ஆரம்பித்தேன். அதற்குள் அத்தை கையைக் காட்டினார்கள்.

“அதைத்தான் சொல்ல வந்தேன். விதின்னா, பாவம், அவர் என்ன பண்ணுவாருன்னு விட்டிருக்கலாம். அவர் தப்புதான்னு அவரே சொல்லிட்டாருல்ல? ஊருக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு பேசுறவர் மடியில நம்ம வீட்டு வாரிசை உட்கார வைக்க முடியுமா? சிவகாசியில உன் சித்தி மகன் இருக்கான்ல, அவன் மாமனா நிக்கட்டும். இவர் போக்குவரத்தும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். பிள்ளை அவரைப் பார்த்து வளர வேண்டாம்.”

நியாயமாகத்தானே சொல்கிறார்கள்? ஒருவகையில் யோசித்தால். நான், “சரி அத்தை” என்றேன். சிவகாசித் தம்பியை நான் பார்த்தே எட்டு வருடம் ஆகிறது. பரவாயில்லை. ஒரு மடிதானே.

அண்ணன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். கேட்டிருக்கும். அத்தைக்கு மெதுவாகப் பேச வராது. திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட் கொடுத்தான். விருதுநகரில் இறங்கித் தண்ணீர் வாங்கி வந்தான். அப்புறம், “அவனுக்கு அடுத்த தடுப்பூசி ஒன்பதாம் மாசம். அங்கே டாக்டர்கிட்ட அட்டையக் காட்டு, மறந்துராதே” என்றான். அவ்வளவுதான்.

ஆகவே யார் மேலும் எனக்கு வருத்தம் இல்லை, ரோஸ்லின். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. குழந்தைக்கு அப்பா கிடைத்துவிட்டார், வீடு கிடைத்துவிட்டது. அண்ணனுக்கும் நாளாக ஆகச் சரியாகிவிடும், ஆண்பிள்ளைதானே. நான் என்ன செய்தேன்? பயந்தேன். பயப்படுவது ஒரு குற்றமா?

இரு. கார் சத்தமா அது? ஆமாம், அவர்கள்தான். மணி என்ன? நாலு பத்து. இருபது நிமிடத்துக்குள் கிளம்பியாக வேண்டும். அம்மா, அம்மா, வந்துட்டாங்க, காபியைப் போடு! ரோஸ்லின், ஒரே ஒரு உதவி. நீ பின்கட்டுக்குப் போய் அண்ணனிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு வா. தலைக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கு, தூக்கம் கலையாது. அவனை வாசல் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிடு. அத்தை சொன்னதாகச் சொல்லாதே, வெயில் என்று சொல்.

நான் போகலாம்தான். நான் போனால் உடனே கொடுத்துவிடுவான். எதுவும் கேட்க மாட்டான். இந்த ஏழு மாதத்தில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை, ரோஸ்லின், ஒரு வார்த்தை. அதனால்தான் சொல்கிறேன். நீ போ.